2005ஆம் ஆண்டு உங்கள் வீட்டில் எந்த ஆல்பத்தில் இருக்கிறது?

உங்கள் வீட்டு பீரோவில் அப்பா அம்மா கல்யாண ஆல்பம் இருக்கும். அட்டை பிய்ந்திருக்கலாம், பட்டர் பேப்பர் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் இருக்கும். போன வருடம் எடுத்த படங்களும் இருக்கின்றன, போனிலேயே, தேதி வாரியாக, ஊர் வாரியாக. இப்போது 2002லிருந்து 2011 வரைக்குமான படங்களைத் தேடிப் பாருங்கள். பிள்ளை தவழ ஆரம்பித்தது, புது வீட்டில் பால் காய்ச்சியது, தாத்தாவின் கடைசி தீபாவளி. எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கும். எடுத்த கேமராகூட ஞாபகம் இருக்கும், வெள்ளி நிறம், பொத்தானை அமுக்கினால் லென்ஸ் விர்ரென்று வெளியே வரும். படம் எங்கே என்று கேட்டால் மட்டும் "ஏதோ சிடியில போட்டு வெச்சோமே" என்பார்கள்.

ஒரு சிறு நகரத்தில், ஸ்டுடியோவும் கலர் லேபும் சேர்ந்த ஒரு கடையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பிலிம் போய் டிஜிட்டல் வந்ததைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். விலை மலிந்த டிஜிட்டல் கேமராதான் நம் குடும்பங்களுக்கு உண்மையில் போட்டோ என்ற ஒன்றைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். அதே கேமராக்கள் எடுத்த படங்கள்தான் இன்றைக்கு வேகமாக அழிந்துகொண்டும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

பிலிம் காலத்தில் ஒரு படத்துக்கு மூன்று தடவை காசு கொடுக்க வேண்டும். ரோல் வாங்க, கழுவ, பிரிண்ட் போட. ஒரு ரோலில் 36 படம், லோடு செய்கிற ஆள் விவரமானவராக இருந்தால் 37, 38 வரை இழுப்பார். யாஷிகா எம்எஃப்-2 கேமரா வைத்திருந்த வீடு எங்கள் பக்கம் வசதியான வீடு. அந்த வீட்டிலும் பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆயுத பூஜைக்குத்தான் முடியும், கழுவினால் ஒரே ரோலில் கரும்பும் வரும், கொடைக்கானலும் வரும், பொரி கடலையும் வரும். கேமரா அப்பா கையிலேயோ மாமா கையிலேயோதான் இருக்கும். மற்றவர்கள் தொட்டால் "பிலிமை வேஸ்ட் பண்ணாதே" என்ற குரல் வரும். அதனால்தான் அந்தக் காலப் படங்களில் எல்லோரும் வரிசையாக நிமிர்ந்து நிற்கிறார்கள், பட்டுப்புடவை கட்டியிருக்கிறார்கள், யாரும் சாப்பிட்டுக்கொண்டோ தூங்கிக்கொண்டோ சண்டை போட்டுக்கொண்டோ இல்லை. அடுப்பங்கரை படத்தில் கிடையாது. கேமரா வைத்திருந்த அப்பா எந்தப் படத்திலும் கிடையாது. இது வசதியுள்ள வீட்டுக் கதை. பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்றும் ரேஷன் கார்டுக்கு எடுத்தது ஒன்றுமாக இரண்டே படத்தில் பாதி வாழ்க்கையைக் கடந்தவர்கள் எத்தனையோ பேர் எங்கள் கடைக்கு வருவார்கள்.

அந்த மூன்று தடவைக் காசுக்கு ஒரு பலனும் இருந்தது. காசு கொடுத்தவர் கையில் பொருளாக ஏதாவது கிடைத்தது. கலர் நெகட்டிவ் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் திரவத்தில் 37.8 டிகிரியில் மூன்றேகால் நிமிடம், அரை டிகிரி இறங்கினாலும் நிறம் மாறிவிடும் என்பதால் இயந்திரத்துப் பக்கத்திலேயே நிற்போம். கழுவிக் காய்ந்து வரும் ஆரஞ்சு நிறப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணாடித் தாள் உறையில் சொருகி, பிரிண்டோடு சேர்த்துக் கவரில் போட்டுக் கொடுப்போம். வாடிக்கையாளர் அந்த நெகட்டிவைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார், ஆனால் தூக்கியும் போட மாட்டார். கவர் பீரோவுக்குள் போய்விடும். பாதுகாக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. படத்தைப் பார்ப்பதற்கு வேறு வழி இல்லாததால் பிரிண்ட் போட்டார்கள், பிரிண்ட் போட்டதால் படம் பிழைத்தது.

டிஜிட்டல் கேமராவின் கதையைச் சொல்பவர்கள் கோடாக்கில்தான் தொடங்குவார்கள். சரி, தொடங்கத்தான் வேண்டும். 1975 டிசம்பரில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன், சூப்பர் 8 சினிமா கேமராவின் லென்ஸையும் ஒளியை மின்சாரமாக மாற்றும் சிசிடி என்ற சில்லையும் சேர்த்து ஒரு பெட்டி செய்தார். எடை மூன்றரை கிலோவுக்கு மேல். நூறுக்கு நூறு, மொத்தம் 10,000 புள்ளிகள், கறுப்பு வெள்ளைப் படம். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி, பார்ப்பதற்குத் தொலைக்காட்சிப் பெட்டி. பிலிமும் காகிதமும் இரசாயனமும் விற்றே பிழைத்த கம்பெனி, பிலிமே வேண்டாத கேமராவைத் தன் கூரைக்குக் கீழேயே செய்தது. 1991இல் நிக்கான் எஃப்3 உடம்பில் 13 லட்சம் புள்ளிகளோடு டிஜிட்டல் கேமராவை விற்பனைக்கும் விட்டது. விலை 20,000 டாலர் பக்கம், படத்தைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். செய்தி நிறுவனங்கள் வாங்கின, வேறு யார் வாங்குவார்கள்?

என்னைக் கேட்டால் சாதாரண மனிதருக்கான திருப்பம் 1995இல் ஜப்பானில் வந்தது. கேசியோ க்யூவி-10. விலை 65,000 யென். படத்தின் தரம் படுமோசம், 320க்கு 240 புள்ளிகள், இன்றைக்கு ஒரு ஸ்டாம்பு அளவுக்குத்தான் ஒழுங்காகத் தெரியும். ஆனால் கேமராவின் முதுகில் 1.8 அங்குலத்தில் ஒரு கலர் திரை இருந்தது. எடுத்த படத்தை அப்போதே பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு வேறு எடுக்கலாம். அதற்கு முந்தைய வருடம் 749 டாலருக்கு வந்த ஆப்பிள் குயிக்டேக் 100இல் இந்த வசதி கிடையாது, எடுத்த படத்தைக் கணினியில் போட்டுத்தான் பார்க்க முடியும், நல்ல தரத்தில் எட்டே எட்டுப் படம். க்யூவி-10 போட்டோ எடுப்பதிலிருந்த பயத்தை எடுத்துவிட்டது. அரைக்கண் மூடிக்கொண்டார்களா, தலை வெட்டுப்பட்டதா என்று ஒரு வாரம் கழித்து லேபில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் அந்தச் சின்னத் திரையைப் பற்றிப் பேசுவதில்லை, அது நியாயமில்லை.

புள்ளிகள் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் ஒழுங்காக வர அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1200க்கு 1800, ஏறக்குறைய 22 லட்சம் புள்ளி வேண்டும். 1999, 2000 வாக்கில் இரண்டு மெகாபிக்சல், அதாவது இருபது லட்சம் புள்ளி, கேமராக்கள் வீட்டு உபயோகத்துக்கு வந்தபோதுதான் லேபுகள் சுதாரித்தன. ஃபியூஜியின் ஃபிரான்டியர் போன்ற டிஜிட்டல் பிரிண்டர்கள், கோப்பிலிருக்கும் படத்தை லேசர் ஒளியால் அதே பழைய போட்டோ காகிதத்தில் பதித்து, அதே இரசாயனத்தில் கழுவித் தரும். இதைப் பலர் கவனித்ததில்லை. டிஜிட்டல் படத்தையும் நாங்கள் தொட்டியில் கழுவித்தான் கொடுத்தோம். அப்புறம் 2003 ஆகஸ்டில் கேனன் 300டி, 63 லட்சம் புள்ளி, லென்ஸோடு 999 டாலர். எஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா, ஆயிரம் டாலருக்குள் வந்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் அதுதான். அடுத்த வருடம் நிக்கான் டி70. கல்யாண போட்டோகிராபர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள், ரோல் செலவு மிச்சமானதில் கேமரா கடனை அடைத்தவர்களை எனக்குத் தெரியும். 2004இல் அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பிலிம் கேமரா விற்பதை நிறுத்துவதாகக் கோடாக் அறிவித்தது, 2006இல் கோனிகா மினோல்டா கேமரா தொழிலையே விட்டது, 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது.

ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. தூசு குறைந்த, குளிர்ந்த மலைக்காற்று வேண்டுமென்று 1960இல் நீலகிரியைத் தேர்ந்தெடுத்து, 1967இல் உற்பத்தி தொடங்கிய அரசு நிறுவனம். கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. டிஜிட்டல் கேமராதான் அதைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது 1990களிலேயே நலிந்த நிறுவனமாகிவிட்டது, நம் ஊரில் யாரும் டிஜிட்டல் கேமராவைக் கையில் பிடிப்பதற்கு முன்பே. அங்கே வேலை செய்தவர்களின் கதையை ஊட்டிக்காரர்கள் யாராவது எழுத வேண்டும், தனிக் கட்டுரையாக.

நம் வீடுகளுக்குள் டிஜிட்டல் கேமரா சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்களின் பெட்டியில் வந்தது. சென்னைக்காரர்கள் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கினார்கள். சைபர்ஷாட், ஈஸிஷேர், கூல்பிக்ஸ், பவர்ஷாட். விலை இறங்க இறங்க ஊரிலேயே கிடைத்தது. மெமரி கார்டைக் கொண்டுவந்து பிரிண்ட் கேட்பவர்களின் படங்களைத் திரையில் திறக்கும்போது எங்களுக்கு முதலில் வித்தியாசமாகத் தெரிந்தது படத்தில் இருந்த விஷயம்தான். அம்மா ஈரத்தலையோடு மாவரைக்கிறாள். தாத்தா ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு திரும்பிப் பார்க்கிறார். பாட்டியின் பாம்படக் காது மட்டும், கிட்டே வைத்து, கொஞ்சம் கலங்கலாக, பேரன் எடுத்தது. மழை பெய்து தேங்கிய தெரு. யாரும் நிமிர்ந்து நிற்கவில்லை. எடுக்கிற ஆளும் மாறியிருந்தார்கள். வேஸ்ட் என்ற சொல் போனதும் பெண் பிள்ளைகள் கையில் கேமரா வந்தது, வீட்டை வீட்டுக்குள்ளிருந்தே எடுத்தார்கள். அப்பாக்கள் படத்துக்குள் வந்தார்கள். நான் ஸ்டுடியோவில் ஆயிரக்கணக்கான முகங்களுக்கு லைட் வைத்திருக்கிறேன், அந்தச் சின்ன கேமராக்காரப் பிள்ளைகள் எடுத்த முகங்களில் இருந்த உயிரில் பாதிகூட நான் எடுத்தவற்றில் இல்லை.

இத்தனையும் எங்கே போயிற்று?

முதல் இழப்பு எடுக்கும்போதே நடந்தது. கேமராவோடு பெட்டியில் வரும் கார்டு 16 எம்பி, 32 எம்பி என்று இருக்கும். மூன்று மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரத்தில் வைத்தால் பத்துப் பதினைந்து படத்தில் நிரம்பிவிடும். பெரிய கார்டு விலை அதிகம். அதனால் விவரம் தெரிந்த யாரோ ஒருவர் மெனுவுக்குள் போய் 640க்கு 480 என்று மாற்றிவைத்துவிடுவார், நூறு படத்துக்கு மேல் கொள்ளும், எல்லோருக்கும் சந்தோஷம். அந்த அளவை யாரும் திருப்பி மாற்றியதே இல்லை. ஒரு வீட்டின் ஐந்தாறு வருடத்துப் படங்கள் முழுக்க மூன்று லட்சம் புள்ளியில் நிற்கின்றன. அதிலும் கார்டு நிரம்பினால் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து, அந்த ஒன்றரை அங்குலத் திரையைப் பார்த்து, 'இது வேண்டாம், இது வேண்டாம்' என்று அழிப்பார்கள். முதலில் அழிவது என்னவோ சாதாரணப் படங்கள்தான், இப்போது நாம் பார்க்க ஏங்குகிற அதே படங்கள்.

அடுத்தது சிடி. "கார்டைக் கொடுங்க, சிடி போட்டுத் தர்றோம்" என்று போர்டு வைக்காத கடை அப்போது கிடையாது. சிடி எழுதியதும் கார்டைக் காலி செய்து கொடுப்பார்கள், ஆக உலகத்தில் அந்தப் படங்களுக்கு அந்த ஒரே ஒரு பிரதி. எழுதக்கூடிய சிடியில் தகவலைத் தாங்குவது மெல்லிய சாயப் படலம், வெப்பமும் வெளிச்சமும் அதற்கு எதிரி. அதற்கு மேலே மினுங்கும் உலோகப் பூச்சைக் காப்பது வெறும் ஒரு கோட் அரக்கு. மொத்த விலையில் வந்த மலிவு சிடிக்களில் அந்தப் பூச்சு நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். நம் ஊர் மே மாதத்தில், இரும்பு பீரோவுக்குள், சில சிடிக்கள் பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்த சிடியை ஒருவர் கொண்டுவந்தார். வேறு ஏதோ கடையில் எழுதியது. கணினியில் போட்டதும் சிறு படங்கள் வரிசையாகத் தெரிந்தன, அவர் முகம் மலர்ந்தது. பெரிதாக்கித் திறந்தால் நெற்றி வரை வருகிறது, விபூதி தெரிகிறது, கண் தெரிகிறது, அதற்குக் கீழே படம் முடியும்வரை ஒரே சாம்பல் நிறம். அடுத்த படம் திறக்கவே இல்லை. அதற்கடுத்தது கழுத்து வரை. டிரைவ் கரகரவென்று திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டே இருந்தது. அவர் அப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார்.

கணினியில் ஏற்றிவைத்தவர்களும் தப்பவில்லை. பேட்டரியை வெளியே எடுத்தால் பல கேமராக்களில் தேதி பழைய இடத்துக்கே போய்விடும், மூன்று தீபாவளியும் 2003 ஜனவரி 1 என்று நிற்கும். சில கேமராக்கள் கார்டைக் காலி செய்ததும் படத்துக்கான எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பழைய ஃபோல்டரிலேயே புதுப் படத்தைப் போடும்போது, அதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றி எழுதவா என்று கணினி கேட்கும், அவசரத்தில் சரி என்று அமுக்கினால் போன வருடம் போய்விடும். சத்தமே இல்லாமல் நிறைய வீடுகளில் இது நடந்திருக்கிறது. இணையத்தில், ஆர்குட் தளத்தில் போட்டவர்களுக்கு 2014 செப்டம்பரில் கடை மூடப்பட்டது, பிக்காசாவுக்கு 2016இல். கார்டிலேயே விட்டுவைத்தவர்களுக்கு அந்தக் கார்டைச் சொருக இன்று கணினியில் இடமில்லை, மெமரி ஸ்டிக், எக்ஸ்டி, ஸ்மார்ட்மீடியா என்று கம்பெனிக்கு ஒரு வடிவம்.

நெகட்டிவ் காலம் பொற்காலம் என்று நான் நினைக்கவில்லை. பிலிமில் இருக்கும் வெள்ளி உலோகத்துக்காகக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்ட ஸ்டுடியோக்கள் உண்டு, அதில் நம் ஊர்களின் முகங்கள் தலைமுறையாகக் கரைந்துபோயின. தப்பியவற்றைத்தான் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் தேடிப்போய் டிஜிட்டலாக்கினார்கள். பூஞ்சை பிடித்து, ஓரம் உடைந்து இருந்தாலும் ஒரு கண்ணாடி நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஆள் நிற்பது தெரியும். 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது சேற்றிலிருந்து குடும்பப் படங்களைப் பொறுக்கியெடுத்து, தண்ணீரில் மெல்லக் கழுவி, கொடி கட்டிக் காயப்போட்டு, உரியவர்களிடம் சேர்த்தார்கள் தன்னார்வலர்கள். ஃபியூஜிஃபில்ம் நிறுவனமும் அதில் கைகொடுத்தது. காகிதம் என்பதால் அது முடிந்தது. ஓரம் கரைந்தாலும் நடுவில் முகம் மிஞ்சும். கோப்பு அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதில்லை, அந்த அறுபதாம் கல்யாணப் படம் மாதிரி பாதியில் அறுந்துபோகும் அல்லது திறக்கவே திறக்காது.

அதனால் ஒரு சனி ஞாயிறை இதற்கென்று ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிடி, டிவிடி எது கிடைத்தாலும் முதலில் நகலெடுங்கள், பார்த்து ரசிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒரு டிரைவில் திறக்காத சிடி வேறொரு டிரைவில் திறப்பதுண்டு, இரண்டு மூன்று கணினிகளில் போட்டுப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்டி, மெமரி ஸ்டிக் படிக்கும் ரீடர்கள் இணையத்தில் இன்னும் விற்கின்றன. கார்டு காலியாகத் தெரிந்தால் அதில் புதுப் படம் எதுவும் எடுக்கக் கூடாது. கேமராவில் அழிப்பது என்றால் பெரும்பாலும் பட்டியலிலிருந்து பெயரை அடிப்பதுதான், அதன் மேல் வேறு எழுதப்படாத வரை படம் உள்ளேயே கிடக்கும். போட்டோரெக் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, அப்படிக் கிடப்பதை இழுத்து வெளியே போடும். மண்டபத்தில் உட்கார்ந்து அழித்த படம்கூடச் சில சமயம் வரும். கிடைத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. நூறு படமாவது பிரிண்ட் போட்டுப் பின்னால் மெல்லிய பென்சிலால் பெயரும் வருடமும் எழுதுங்கள். பெரியம்மாவின் பெயர் உங்கள் பிள்ளைக்குத் தெரியாது. மூன்று லட்சம் புள்ளிப் படம் 4க்கு 6இல் சொரசொரவென்றுதான் வரும், பரவாயில்லை, சின்னதாகப் போடச் சொல்லுங்கள், லேபில் போட்டுத் தருவார்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் அவசரம். 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்களை அனுப்பிய ஜப்பானிய நிறுவனங்கள், 2023இல் 77 லட்சத்துக்கு இறங்கிவிட்டன. அந்தப் பழைய சின்ன கேமராக்களின் நிறம் பிடித்துப்போய் இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள், பரணில் கிடந்ததற்கெல்லாம் விலை கிடைக்கிறது. விற்பதற்கு முன் கார்டைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் 16, 32 எம்பி அளவில் உள்நினைவகம் ஒன்று உண்டு. கார்டு போட மறந்த நாட்களில் எடுத்த படங்கள் அதில்தான் பதிந்திருக்கும், அந்த வீட்டுக்காரர்களே பார்த்திராத படங்கள். சார்ஜர் இல்லையென்றால் பழைய கேமரா ரிப்பேர் கடையில் கேட்டால் எல்லா பேட்டரிக்கும் பொருந்துகிற சார்ஜர் வைத்திருப்பார்கள். பேட்டரியைப் போட்டு, கார்டு இல்லாமலே கேமராவை ஆன் செய்து, படம் பார்க்கும் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.